பொட்ஸ்டாம் ஆணையும் பிரெஞ்சுக் குடியேறிகளும்

1685ஆம் ஆண்டின் பிற்பகுதியில், ஏறக்குறைய மூன்று வார இடைவெளியில், ஐரோப்பாவில் இரண்டு ஆணைகள் பிறந்தன. முதலாவது, பிரான்சின் பொந்தேன்புளோ அரண்மனையில் பதினான்காம் லூயி மன்னன் ஒப்பமிட்டது. தன் நாட்டிலே புரட்டஸ்தாந்த மதம் இனி இல்லை. அவர்தம் கோவில்கள் இடிக்கப்படும். போதகர்கள் பதினைந்து நாளில் மதம் மாறவேண்டும், அல்லது நாட்டைவிட்டு நீங்கவேண்டும். ஏனையோரோ நாட்டைவிட்டு நீங்கவும் கூடாது என்பது அதன் சாரம். இரண்டாவது ஆணை, வட ஜேர்மனியின் மணற்பாங்கான ஒரு நாட்டிலே, பொட்ஸ்டாம் என்னும் ஊரிலிருந்து வெளிவந்தது. துன்புறுத்தப்பட்ட அதே மக்களை நோக்கி, "எம் நாட்டுக்கு வாருங்கள், வீடு தருவோம், நிலம் தருவோம், தொழில் தொடங்க முதல் தருவோம்" என்ற கருத்துப்பட அது பேசியது. இந்த இரண்டாவது ஆணையைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

ஆணையின் நாள் ஒக்டோபர் 29 என்று சில நூல்களிலும், நவம்பர் 8 என்று வேறு சில நூல்களிலும் இருக்கக் காணலாம். இரண்டும் சரியே. புரட்டஸ்தாந்த ஜேர்மானியர் அக்காலத்திற் பழைய யூலியன் நாட்காட்டியையே கைவிடாது வைத்திருந்தனர். அவர்களுக்கு ஒக்டோபர் 29ஆக இருந்த நாள், பிரான்சுக்காரருக்கு நவம்பர் 8.

அழைத்தவர் யார்? பிராண்டன்பேர்க் நாட்டின் அதிபர் பிரெடரிக் வில்லியம். அவர் மன்னர் அல்லர். ஜேர்மானியப் பேரரசரைத் தெரிவுசெய்யும் உரிமை பெற்ற சிற்றரசர் சிலருள் ஒருவர். ஆதலால் அவரைத் தேர்வுக் கோமகன் என்று அழைத்தனர். பிற்காலத்தார் 'பெருங் கோமகன்' என்று சிறப்பித்தனர். 1640இல் இருபது வயது இளைஞராக அவர் பட்டத்துக்கு வந்தபோது, அந்நாடு முப்பதாண்டுப் போரின் நடுவே சிக்குண்டு கிடந்தது. சுவீடியப் படையும் பேரரசுப் படையும் மாறிமாறி அதன்மேற் புகுந்து சென்றன. வாளுக்குத் தப்பியவரைப் பஞ்சம் வாட்டிற்று. பஞ்சத்துக்குத் தப்பியவரைக் கொள்ளைநோய் கொண்டது. 1648இற் சமாதானம் உண்டானபோது, நாட்டின் சில பகுதிகளில் இருந்தவருட் பாதிப்பேரேனும் எஞ்சவில்லை. தலைநகரான பேர்லினில் வாழ்ந்தோர் தொகை ஏறத்தாழ 6,000. கூரையிழந்த வீடுகளும் வரி செலுத்த ஆளில்லாத தெருக்களுமே கோமகனுக்குக் கிடைத்த முதுசொம்.

அவர் இளமையில் நான்கு ஆண்டுகள் ஒல்லாந்திற் கழித்தவர். கடலிலிருந்து மீட்ட சேற்றுநிலத்தின்மேல் ஒரு சிறிய மக்கட்கூட்டம் கப்பலாலும் தறியாலும் உலகத்துச் செல்வத்தையெல்லாம் திரட்டுவதை அங்கே நேரிற் கண்டார். பின்னர் மணம்புரிந்ததும் ஒல்லாந்தின் ஒரேஞ்சுக் குலத்து லூயிஸ் ஹென்றியெற்றா என்னும் கோமகளையே. அவ்வம்மையார் பேர்லினுக்கு வடக்கே ஒல்லாந்தக் குடியானவரை அழைத்துப் பாற்பண்ணையும் தோட்டமும் அமைத்தார். ஒரானியன்பேர்க் என்ற ஊர்ப்பெயர் அவர் குலப்பெயரால் வந்தது.

நம்மவர்க்குச் சுவையான செய்தி ஒன்றையும் இவ்விடத்திற் சொல்லிவிடுகின்றேன். கடல் வாணிகத்தில் ஆசைகொண்ட இந்தக் கோமகன், 1651இல் சோழமண்டலக் கரையிலுள்ள நம் தரங்கம்பாடியை, அங்கிருந்த கோட்டையோடு சேர்த்து, டேனியரிடமிருந்து விலைக்கு வாங்க உடன்படிக்கை செய்தார். பணம் திரளவில்லை, உடன்படிக்கை கைவிடப்பட்டது. திரண்டிருந்தால், தரங்கம்பாடியில் டேனியக் கொடிக்குப் பதிலாகப் பிராண்டன்பேர்க்கின் செங்கழுகுக் கொடி பறந்திருக்கும்! துறைமுகம் வாங்கப் பணமில்லாத அரசர், ஆட்களைச் சேர்க்க முற்பட்டார் என்று சொன்னாற் பெரிய பிழையாகாது.

ஆள் சேர்ப்பு 1685இலேதான் தொடங்கிற்று என்று எண்ணற்க. 1671இல் வியன்னாவிலிருந்து துரத்தப்பட்ட யூதர்களுள் ஐம்பது குடும்பங்களை அவர் ஏற்றுக்கொண்டார். ஆனால் அந்த அனுமதி இருபது ஆண்டுகளுக்கு மட்டுமே உரியது. அதற்கு அவர்கள் காப்புவரி செலுத்தவேண்டும். வீட்டினுள் வழிபடலாம், பொதுத் தொழுகைக்கூடம் எழுப்பலாகாது. பிரெஞ்சுக்காரருக்குக் காட்டிய தாராளத்தைப் புகழ்வோர் இந்த மற்றை ஏட்டையும் புரட்டிப் பார்ப்பது நலம். பேர்லின் யூதர்களுக்குப் பொதுத் தொழுகைக்கூடம் ஒன்று 1714இலேதான் திறக்கப்பட்டது.

இனிப் பிரான்சுக்குச் செல்வோம். அங்கே கல்வின் என்னும் சீர்திருத்தவாதியின் வழிநின்ற புரட்டஸ்தாந்தரை ஹியூகனோக்கள் என்பர். 1598இல் நான்காம் ஹென்றி மன்னன் நாந்து நகரிற் பிறப்பித்த ஆணை அவர்களுக்கு வழிபாட்டுரிமை அளித்திருந்தது. பேரனாகிய பதினான்காம் லூயி அதனைச் சிறிது சிறிதாக அரித்தான். 1681 முதல், குதிரைப்படை வீரரை ஹியூகனோக்களின் வீடுகளிற் கொண்டுபோய்த் தங்கவைக்கும் கொடுமை தொடங்கிற்று. வீட்டுக்காரன் மதம் மாறும்வரை வீரர்கள் அவன் உணவை உண்பர், தளபாடத்தை உடைப்பர், உறங்கவும் விடார். 1685இல் நாந்து ஆணையே அடியோடு நீக்கப்பட்டது. தப்பியோட முயன்று பிடிபட்ட ஆண்கள் துடுப்புக் கப்பல்களிலே தண்டு வலிக்கும் அடிமைகளாக்கப்பட்டனர், பெண்கள் சிறையிடப்பட்டனர். அப்படியிருந்தும் ஏறக்குறைய 2 இலட்சம் பேர் எல்லை கடந்தனர் என்று வரலாற்றாசிரியர் கணிப்பர்.

ஓடியவர்களுட் பெரும்பாலோர் ஒல்லாந்தையும் இங்கிலாந்தையும் நாடினர். செல்வமுள்ள வணிகனுக்குச் செழிப்புள்ள துறைமுகமே விருப்பமாவது இயல்பு. மணலும் சதுப்பும் பைன் மரக்காடும் நிறைந்த, பெயரையே பலர் கேட்டறியாத பிராண்டன்பேர்க்குக்கு யார் வருவார்? இதைக் கோமகன் நன்கறிந்திருந்தார். ஆகவே அவருடைய ஆணை, இரக்கம் தெரிவிக்கும் வெறும் மடலாக அமையவில்லை. வரவேண்டியவனின் மனத்திலே எழக்கூடிய கேள்விகளை ஒவ்வொன்றாக எதிர்பார்த்து விடைகூறும் பத்திரமாக அது அமைந்தது. பிரெஞ்சு மொழியிலும் ஜேர்மன் மொழியிலும் அச்சிடப்பட்டு, பிரான்சினுள்ளேயும் மறைவாகக் கொண்டுசெல்லப்பட்டது.

அதன் பதினான்கு பிரிவுகளுள் முதலிரண்டும் வழியைப் பற்றியவை. எங்கே போவது, எப்படிப் போவது என்பதல்லவா ஓடிவரும் ஒருவனின் முதற் கவலை? கடல்வழி வருவோர் ஒல்லாந்தை அடைந்தால், அங்குள்ள கோமகனின் அலுவலர்கள் ஹம்பேர்க் வரை கப்பலும் உணவும் அளிப்பர். ஹம்பேர்க்கில் அவர்களை ஏற்க ஓர் அலுவலர் இருப்பார். ஹம்பேர்க்கில் இருந்தவர் கேரிக்கே என்னும் பெயரினர். பள்ளிக்கூடத்திலே காற்றழுத்தத்தைப் பற்றிப் படிக்கும்போது, எட்டுக் குதிரை ஒரு பக்கமும் எட்டுக் குதிரை மறுபக்கமுமாக இழுத்தும் பிரியாத மக்டபேர்க் அரைக்கோளங்களைப் பற்றிக் கேட்டிருப்பீர்களே, அந்தச் சோதனையைச் செய்த ஒற்றோ வொன் கேரிக்கேயின் மகன் இவர். தரைவழி வருவோர் மைன் நதிக்கரைப் பிராங்பேர்ட்டுக்கு வரவேண்டும். அங்கும் ஆள் உண்டு, வழிச்செலவுக்குப் பணமும் உண்டு.

அடுத்துக் குடியிருப்பு. விரும்பிய இடத்திற் குடியேறலாம் என்று கூறிவிட்டு, ஆணை சில நகரங்களைப் பெயர் சொல்லிப் பரிந்துரைக்கிறது: ஸ்டெண்டால், ரத்தெனோவ், ஒடர் நதிக்கரைப் பிராங்பேர்ட், மக்டபேர்க், ஹாலே முதலியவை. போரிலே சிதைந்த நகரங்கள் இவற்றுட் பல. 1631இல் மக்டபேர்க் தீக்கிரையானபோது ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர். அரை நூற்றாண்டு கடந்தும் நகரம் தன் பழைய நிலையை எய்தவில்லை. பாழடைந்த வீடுகள் குடியேறுவோருக்கு முழு உரிமையோடு கொடுக்கப்படும். பழைய உடைமையாளருக்கு மதிப்பீட்டின்படி ஈடு செய்யப்படும். வீட்டின்மேல் இருந்த பழைய கடன்கள் புதியவனைத் தொடரா. மரமும் கல்லும் சுண்ணாம்பும் இலவசம். ஆறாண்டுகளுக்கு வரி இல்லை. வீட்டிலே படைவீரரைத் தங்கவைக்கும் கடமையும் இல்லை. படைவீரர் வீட்டுக்குள் வந்து தங்கியதாலேயே நாட்டை விட்டு ஓடியவனுக்கு இந்தக் கடைசி உறுதி எவ்வளவு இனித்திருக்கும்! வெற்று நிலத்திற் புதிதாக வீடு கட்டுவோனுக்கு வரிவிலக்கு பத்தாண்டுகள்.

ஆயினும் ஒரு சிறு விதிவிலக்கைக் கவனிக்க வேண்டும். உண்பன பருகுவனவற்றின் மேலிருந்த நுகர்வுத் தீர்வையை அனைவரும் செலுத்தியே ஆகவேண்டும். குடியேறியவன் வீட்டுக்கு வரி கொடுக்கவில்லை. ஆனால் அவன் அப்பம் வாங்கும் ஒவ்வொரு நாளும் அரசின் பெட்டிக்குள் ஏதோ விழுந்துகொண்டிருந்தது. கோமகன் கருணையாளர்தாம்; கணக்கும் அறிந்தவர்.

தொழில் பற்றிய பிரிவுகளே இவ்வாணையின் உயிர்நிலை என்று எனக்குத் தோன்றுகிறது. அந்நாளைய ஐரோப்பிய நகரங்களில் ஒவ்வொரு கைத்தொழிலுக்கும் 'கில்டு' எனப்பட்ட குழு ஒன்று உண்டு. அக்குழுவின் உறுப்பினன் அல்லாதவன், எவ்வளவு வல்லவனாயினும், நகரத்திலே கடை திறக்க முடியாது. உறுப்பினனாவதற்கோ நெடுங்காலப் பயிற்சி, கட்டணம், விருந்து, ஏற்கெனவே இருப்போரின் சம்மதம் ஆகிய அனைத்தும் வேண்டும். வெளியூரானை வெளியே நிறுத்துவதற்கு இதனினும் நல்ல வேலி இல்லை. பொட்ஸ்டாம் ஆணை இந்த வேலியிலே வாசல் வெட்டிற்று. குடியேறியவர் நகரக் குடியுரிமையையும் கில்டு உறுப்புரிமையையும் கட்டணமின்றிப் பெறுவர். பிறந்த குடிகளுக்கு உள்ள உரிமை அனைத்தும் அவர்களுக்கும் உண்டு என்றது. துணி, தொப்பி முதலியன செய்யும் ஆலை தொடங்குவோருக்கு வேண்டிய சலுகைகளோடு பணமும் பொருளும் வாக்களிக்கப்பட்டன.

இவையெல்லாம் அழைப்பதற்கான ஏற்பாடுகள். வந்தவரை நிலைக்கச் செய்வது வேறு காரியம். புதிய ஊரிலே ஆறாண்டு வரிவிலக்கு முடிந்ததும், மூட்டை கட்டிக்கொண்டு அம்ஸ்டர்டாமுக்குப் புறப்படுபவனை எந்தச் சட்டத்தாலும் தடுக்க இயலாது. தடுத்தால் லூயி மன்னனுக்கும் தனக்கும் என்ன வேற்றுமை? எனவே ஆணை மூன்று காரியங்களைச் செய்தது. குடியேறிய நகரந்தோறும் அரசின் செலவிலே ஒரு போதகரை வைத்து, பிரெஞ்சு மொழியிலே, பிரான்சில் வழங்கிய முறைப்படியே வழிபாடு நடக்கும் என்றது. தம்முள் எழும் வழக்குகளைத் தீர்க்கத் தம்முள் ஒருவரைத் தாமே தெரிந்துகொள்ளலாம் என்றது. ஜேர்மானியரோடு வழக்கு உண்டானால், நகர நீதவானோடு பிரெஞ்சுக்காரர் தெரிவுசெய்த ஒருவரும் அமர்ந்து தீர்ப்பளிப்பார் என்றது. சில ஆண்டுகளிலேயே இது தனி நீதிமன்றங்களாக வளர்ந்தது. மெற்சு நகரத்திலிருந்து வந்த போதகர் தாவீது அன்சியோனின் மகன் சார்ள்ஸ் அன்சியோன், பேர்லின் பிரெஞ்சுக்காரருக்கு நீதிபதியானார். குடியேற்றத்தின் வரலாற்றை 1690இலேயே நூலாகவும் எழுதினார். 1689இல் பிள்ளைகளுக்கென ஒரு பிரெஞ்சுக் கல்லூரி தொடங்கப்பட்டது.

பிராண்டன்பேர்க் ஆட்சிக்குட்பட்ட நாடுகளுக்கு வந்தவர் ஏறக்குறைய 20,000 பேர். பேர்லினில் மட்டும் 1700ஆம் ஆண்டளவில் 6,000 பேர் வரை இருந்தனர். நகரத்தில் ஐவருள் ஒருவர் பிரெஞ்சு பேசினார். பின்னற்பொறியிலே காலுறை நெய்தல், பட்டு நெசவு, மென்தோற் கையுறை, தொப்பி, மணிக்கூடு, சித்திரத் திரைச்சீலை ஆகிய தொழில்கள் அவர்களோடு வந்தன. உக்கர்மார்க் என்னும் வடகிழக்குப் பகுதியிலே குடியேறிய உழவர் புகையிலைச் செய்கையைப் பரப்பினர். பேர்லினைச் சூழ்ந்த மணல்நிலத்திலே பூக்கோவாவும் தண்ணீர்விட்டான் முளையும் பயிரிட்டுக் காட்டிய தோட்டக்காரரும் அவர்களே. நகரின் மோவாபித்து என்னும் பகுதிக்கு அப்பெயரைச் சூட்டியவர் அவர்களே என்பர். விவிலியத்திலே இஸ்ரவேலர் தங்கள் யாத்திரையிற் கடந்த மோவாப் நாட்டை, அங்கிருந்த வறண்ட மண் அவர்களுக்கு நினைவூட்டிற்றாம்!

இவ்வளவில் நிறுத்தினாற் கதை இனிதாக முடியும். 1782இல் தானியல் கொதோவியெக்கி என்னும் ஓவியர் தீட்டிய செதுக்கோவியம் ஒன்று உண்டு. தாய்வழியில் ஹியூகனோ மரபினர் அவர். கோமகன் அன்போடு நிற்க, அகதிகள் நன்றியோடு வணங்குகின்றனர். பாடநூல்களில் இவ்வோவியம் பலமுறை அச்சாகியிருக்கின்றது. ஆனால் அது நிகழ்ச்சிக்கு நூறு ஆண்டுகளின் பின், நூற்றாண்டு விழாவை எதிர்நோக்கியிருந்த ஒரு சமூகத்துக்காகத் தீட்டப்பட்டது என்பதை மறத்தலாகாது. உண்மையில் நடந்தது அவ்வளவு அழகியதன்று.

ஊரவர் பலர் புதியவரை விரும்பவில்லை. கோமகன் கல்வின் வழியினர். குடிகளோ பெரும்பாலும் லூதர் வழியினர். ஆகவே வந்தவர் அயல்மொழியினர் மட்டுமல்லர், அயற்கோவிலினரும் ஆயினர். போரினால் வறுமையுற்ற தச்சனும் நெசவாளியும், "எங்கள் பாட்டன் வீடு எரிந்தபோது எமக்கு இலவச மரம் தந்தவர் யார்?" என்று கேட்டால் அதற்கு விடை இலகுவன்று. கில்டுகள் ஆணையை வாயால் ஏற்றுச் செயலால் மறுத்தன. 1686இல் அகதிகளுக்கென நாடெங்கும் நன்கொடை திரட்டப்பட்டது. மனமுவந்து கொடுத்தோர் குறைவாகவே, அது கட்டாயத் தண்டலாக மாறிற்று. உதவியைக் கட்டாயமாக்கினால், கொடுத்தவனுக்குப் பெற்றவன்மேல் அன்பு பிறவாது.

தொழிலிலும் எல்லாம் செழிக்கவில்லை. மென்தோற் கையுறையும் பட்டுக் காலுறையும் வெர்சேயில் விலைபோகும். உருளைக்கல் பாவாத தெருக்களையுடைய சிற்றூரிலே யார் வாங்குவார்? அரசின் முன்பணம் உள்ளவரை நடந்து, அது தீர்ந்ததும் மூடப்பட்ட ஆலைகள் சில அல்ல. பெருஞ்செல்வர் ஒல்லாந்திலும் இலண்டனிலும் தங்கிவிட்டமையால், பிராண்டன்பேர்க்குக்கு வந்தோருட் பலர் வெறுங்கையோடு வந்தவர்களே. கம்பளித் துணி நெய்தவரோ பிழைத்துக்கொண்டனர். ஏனெனிற் கோமகனின் நிலைப்படைக்கு ஆண்டுதோறும் உடுப்பு வேண்டியிருந்தது. பிற்கால வரலாற்றாசிரியர், ஹியூகனோக்களாலேயே பிரசியா தொழில் நாடாயிற்று என்ற பழைய புகழ்மொழியைப் பெரிதும் குறைத்தே மதிப்பிடுவர். அவர்கள் கூறுவதிற் பெரிதும் நியாயம் இருக்கின்றது.

அப்படியாயின், அவர்களை அங்கே இருத்தியது எது? முதற் பத்தாண்டுகளிற் பலர், "இன்று அல்லது நாளை பிரான்சுக்குத் திரும்புவோம்" என்று எண்ணியே நாட் கழித்தனர். 1697இல் றிஸ்விக் சமாதானம் உண்டானபோது அவ்வெண்ணம் உடைந்தது. புரட்டஸ்தாந்த அரசுகள் லூயியிடமிருந்து அவர்களுக்கு ஒன்றும் பெற்றுத்தரவில்லை. திரும்ப வழியில்லை என்று உணர்ந்த அந்நேரத்தில், அவர்கள் கையிலே கோவிலும், பள்ளியும், நீதிமன்றமும் ஏற்கெனவே இருந்தன. சலுகைப் பணம் பலருக்கு முன்னரே தீர்ந்துபோயிற்று. கோவில் மணி தீரவில்லை. என் கணிப்பில், ஆணையின் பதினோராம் பிரிவு, அதாவது போதகரைப் பற்றிய அச்சிறு பிரிவு, வரிவிலக்குப் பிரிவுகளைவிட அதிக வேலை செய்தது. 1705இற் பேர்லின் நடுவே பிரெஞ்சுக் கோவில் திறக்கப்பட்டது. 1709இல், அப்போது பிரசியாவின் மன்னராகிவிட்ட கோமகனின் மகன், அவர்களைப் பிறந்த குடிகளுக்குச் சமமானோர் என்று முறைப்படி பிரகடனம் செய்தார்.

வழிமுறையாக வந்த அரசர் இக்கொள்கையைத் தொடர்ந்தனர். கொள்ளைநோயால் வெறிச்சோடிய கிழக்குப் பிரசியாவிற்கு, 1732இற் சால்ஸ்பேர்க்கிலிருந்து துரத்தப்பட்ட புரட்டஸ்தாந்தர் பல்லாயிரவர் அழைக்கப்பட்டனர். 1751இற் பொட்ஸ்டாமுக்கு அருகே பொஹீமிய நெசவாளருக்கென நோவாவேஸ் என்னும் ஊர் எழுந்தது. அதனை எழுப்பிய இரண்டாம் பிரெடரிக் மன்னரை வளர்த்த செவிலியும், கற்பித்த ஆசிரியரும் ஹியூகனோக்களே. அம்மன்னர் ஜேர்மனை விடப் பிரெஞ்சையே நன்கு எழுதினார்.

ஆணையிலே பரிந்துரைக்கப்பட்ட ஹாலே நகரத்தின் பெயரும் நமக்குப் புதிதன்று. கோமகனின் மகன் 1694இல் அங்கே பல்கலைக்கழகம் நிறுவினார். அந்நகரிலே பயின்ற சீகன்பால்கு என்னும் இளைஞர் 1706இல் தரங்கம்பாடியில் இறங்கித் தமிழ் கற்றார். விலைக்கு வாங்க இயலாத அவ்வூருக்கு, பிராண்டன்பேர்க் நாட்டுக் கல்வி, டேனியக் கப்பலிலேறி வந்துசேர்ந்தது!

தனி நீதிமன்றமும் தனிச் சலுகைகளும் என்றென்றும் நிலைக்கவில்லை. 1806இல் நெப்போலியனின் படை பேர்லினுட் புகுந்தது. பிரெஞ்சு மரபினரான பேர்லின் மக்களுக்கு அது இக்கட்டான காலம். பகைவனின் மொழி அவர்களின் வழிபாட்டு மொழியாக இருந்தது. பெரும்பாலோர் தயங்காது பிரசியப் பக்கமே நின்றனர். தோல்விக்குப் பின்வந்த பெருஞ் சீர்திருத்தங்களின்போது, 1809இல், பிரெஞ்சுக் குடியேற்றத்தின் தனி ஆட்சியுரிமை நீக்கப்பட்டது. நூற்றிருபத்து நான்கு ஆண்டுகள் தனித்து நின்றவர் பொதுச் சட்டத்துட் கலந்தனர். கோவில்களில் ஜேர்மன் மொழி மெல்ல மெல்லப் பிரெஞ்சின் இடத்தைப் பிடித்தது. 1819இற் பிறந்த தெயோடோர் பொன்டேன் ஜேர்மன் நாவலாசிரியருள் முன்வரிசையில் வைத்து எண்ணப்படுபவர். பிராண்டன்பேர்க்கின் ஏரிகளையும் சிற்றூர்களையும் அவரைப்போல அன்போடு எழுதியவர் இலர். அவருடைய தாய்வழி, தந்தைவழி இரண்டுமே ஹியூகனோ வழி.

மெற்சுக்கு அருகிலுள்ள மெசியேர் என்னும் ஊரின் பெயரைத் தாங்கிய ஒரு குடும்பமும் அந்நாளில் வந்ததே. அக்குடும்பத்தவரான லோதர் டி மெசியேர் 1990இற் கிழக்கு ஜேர்மனியின் கடைசிப் பிரதமராக இருந்தார். அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் தோமஸ் டி மெசியேர், 2015இல் இலட்சக்கணக்கான சிரிய நாட்டவரும் பிறரும் புகலிடம் தேடி ஜேர்மனிக்குள் வந்தபோது, அந்நாட்டின் உள்நாட்டு அமைச்சர். எவரை உள்ளே விடுவது, வந்தவரை எங்கே இருத்துவது என்ற கோப்புகள் அவர் மேசைக்கே வந்தன.

1689இலே தொடங்கிய பிரெஞ்சுக் கல்லூரி இன்றும் பேர்லினில் நடைபெறுகின்றது. மேல்வகுப்புகளில் இப்பொழுதும் பிரெஞ்சு மொழியிலேயே பாடம் சொல்லிக்கொடுக்கிறார்கள்.